கண்ணருகே ஒரு குட்டித் திரை!

வியாசர்பாடிப் பட்டறைகளில் வெல்டிங் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா குழந்தைகளே? சிலர் ஒரு கையில் முகக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேலை செய்வர். அதையே தலையில் மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். கம்ப்யூட்டர் திரையையும் இப்படி மாட்டிக்கொண்டால்?

1968ல் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் இதைச் செய்து பார்த்தார். கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கையோடு அந்தக் கருவி இணைந்திருந்தது. மாட்டிக்கொண்டு வெளியே நடக்க முடியாது!

2013ல் வந்த 'கூகுள் கிளாஸ்' மூக்குக்கண்ணாடி போலவே இருந்தது. வலது கண்ணுக்குச் சற்று மேலே ஒரு சிறிய கண்ணாடிக் கட்டி, அதுதான் திரை.

ஒரு சோதனை செய்வோம். உங்கள் விரலைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டு வாருங்கள். மங்கலாகத் தெரிகிறது அல்லவா? அவ்வளவு அருகில் உள்ள திரையை எப்படிப் படிப்பது? கண்ணாடிக் கட்டிக்குள் ஒளி வளைந்த ஆடியில் பட்டுத் திரும்பும். அதனால், 8 அடி தூரத்தில் 25 அங்குல டி.வி. இருப்பதுபோலப் படம் தெளிவாகத் தெரியும். நேர்ப் பார்வையை மறைக்கக் கூடாது என்பதற்காகவே அதைக் கண்ணுக்கு மேலே வைத்தனர்.

2013 செப்டம்பரில், நம் சென்னையில் லைஃப்லைன் மருத்துவமனை டாக்டர் ஜே.எஸ்.ராஜ்குமார் இதை அணிந்து அறுவை சிகிச்சை செய்தார். அவர் கண் முன் நடந்ததை, கண்ணாடியிலிருந்த கேமரா நேரடியாக ஒளிபரப்பியது. கிருமி நீக்கிய கையுறையோடு டாக்டர் கண்டதையும் தொட முடியாது. ஆனால், கூகுள் கிளாஸ் பேச்சுக்கே கட்டுப்படும், கையே வேண்டாம்!

தெருவிலோ இதற்கு எதிர்ப்பு கிளம்பியது. 'நமக்குத் தெரியாமல் படம் எடுக்கிறாரோ?' என்று எதிரே இருப்பவர் சங்கடப்பட்டார். 2015ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. 2017ல் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவத்துக்குமாக மீண்டும் வந்து, 2023 மார்ச்சில் அதுவும் நிறுத்தப்பட்டது. வேறு நிறுவனங்கள் இத்தகைய கண்ணாடிகளைத் தொடர்ந்து தயாரிக்கின்றன.

ஒரே கருவிதான். ஆபரேஷன் தியேட்டரில் உதவியது, தெருவில் தொல்லையானது.

நாளை நீங்களும் ஒரு கருவியை வடிவமைக்கலாம். அதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது யாருக்கு உதவும்? அவருடைய கைகள் எந்த வேலையில் இருக்கும்? பக்கத்தில் இருப்பவர் இதை விரும்புவாரா? மூன்றாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள்!