பௌர்ணமிக்குள் ஓர் அமாவாசை

முழுநிலாக் காலத்தில் இரவில் வலை விடும் மீனவர்கள் பெரிய மீன்பாட்டை எதிர்பார்ப்பதில்லை. நிலவொளி நீருக்குள் இறங்கி வலையை மீனுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மேல்நீருக்கு ஏறிவர வேண்டிய மீன்களில் பல ஆழத்திலேயே தங்கிவிடுகின்றன. விளக்கு கட்டிக் கணவாய் பிடிப்பவர்களின் வெளிச்சமும் அப்போது எடுபடுவதில்லை. அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்களுக்குக் கடற்கரையில் தனி மதிப்பு இருப்பது இதனால்தான்.

இப்படிப்பட்ட வெளிச்ச இரவின் நடுவில் திடீரென இருட்டு கவிந்தால் கடலுக்குள் என்ன நடக்கும்? இயற்கையே இந்தச் சோதனையை அவ்வப்போது நடத்திக்காட்டுகிறது. அதுதான் முழுச் சந்திரகிரகணம்.

2025 செப்டம்பர் 7 இரவை எடுத்துக்கொள்வோம். இந்திய நேரம் 9.57 மணிக்குப் பூமியின் கருநிழல் நிலாவின் விளிம்பைத் தொட்டது. 11 மணிக்கு நிலா முழுவதும் நிழலுக்குள் போனது. 82 நிமிடங்கள் கழித்து, நள்ளிரவு 12.22-க்கு மீண்டும் ஒளி துளிர்த்தது. நிலா இருக்கும் தொலைவில் பூமியின் கருநிழல் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் அகலம் கொண்டது. நிலாவோ நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. நிழலைக் கடக்க அவ்வளவு நேரம் பிடிப்பது இதனால்தான்.

கிரகணத்தின்போது நிலா முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. செம்பு நிறத்தில் மங்கலாகத் தெரியும். பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, சிவப்பு மட்டும் நிலாவைச் சென்றடைகிறது. அந்த நேரத்தில் பூமியின் விளிம்பெங்கும் நிகழும் விடியல்கள், அந்திகள் அனைத்தின் ஒளியும் அங்கே சேர்கிறது. காற்றில் எரிமலைத் தூசி மிகுந்தால் அந்தச் சிவப்பும் மங்கும். 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்தது. மறு ஆண்டு டிசம்பர் கிரகணத்தில் நிலா மிகவும் கறுத்துப் போயிருந்தது.

கடலுக்கு நிறத்தைவிட முக்கியம் ஒளியின் அளவு. முழுக் கிரகணத்தில் நிலவொளி பத்தாயிரம் மடங்கும் அதற்கு மேலும் குறையக்கூடும். கடலில் வாழும் நுண்ணிய விலங்குகள், குட்டி இறால்கள், சிறு மீன்கள் ஆகியவை பகலில் ஆழத்தில் ஒளிந்திருந்து, இருட்டியதும் இரை தேடி மேலே வருபவை. வெளிச்சத்தில் மேலே வந்தால் தாமே இரையாகிவிடும் என்பதால் நிலவைக்கூட அவை கணக்கில் கொள்கின்றன. மாதக்கணக்கில் சூரியன் உதிக்காத ஆர்க்டிக் குளிர்காலத்தில் இந்த உயிரிகள் நிலா உதிப்பதையும் மறைவதையும் பார்த்தே ஏறி இறங்குகின்றன என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தாலியை ஒட்டிய லிகூரியன் கடலில் கிரில் என்னும் இறால் போன்ற உயிரியை ஒரு சந்திரகிரகணத்தின்போதே கவனித்தார்கள். கிரகண இருளுக்கு அது இசைந்து நடந்ததை 1999-இல் வெளியான கட்டுரை பதிவு செய்தது.

நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் நீந்தும் உயிரிகூட 82 நிமிடங்களில் கிட்டத்தட்ட நூறு மீட்டர் ஏறிவிடலாம். அதைத் தின்னும் மீன் பின்னால் வரலாம். ஆனால் ஆழம் குறைந்த பாக் நீரிணையில் இப்படிப்பட்ட நீண்ட ஏற்றத்துக்கு இடமில்லை. கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்கள் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடலில்தான் இதைத் தேட வேண்டும்.

படகில் இருப்பவர் கண்ணாலேயே காணக்கூடிய மாற்றமும் உண்டு. சில நுண்ணுயிரிகள் நீர் கலங்கும்போது நீலமாக மினுங்கும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் மக்கள் திரண்டு பார்த்த அதே ஒளி. வழக்கமாக முழுநிலா இந்த மினுக்கத்தை அமுக்கிவிடும். நீரில் அவை நிறைந்திருந்தால், கிரகண இருளில் இழுக்கும் வலையிலும் ஓடும் மீன்கூட்டத்திலும் அது துலங்கும்.

ஆழத்தில் நடக்கும் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் கருவியும் மீனவர் கையிலேயே இருக்கிறது. ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இன்று பல படகுகளில் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கடலடித் தரை போலத் தோன்றி இரவில் மேலேறிய ஒரு படலத்தை இத்தகைய ஒலிக்கருவிகள்தாம் முதலில் காட்டின. பின்னர் அது கோடிக்கணக்கான உயிரிகளின் கூட்டம் என்று தெரியவந்தது.

இந்தியாவில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கக்கூடிய அடுத்த முழுச் சந்திரகிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு நிகழும். அப்போது கடலில் இருப்பவர்கள் கிரகணத்துக்கு முன்னும் இடையிலும் பின்னும் எக்கோ சவுண்டர் திரையில் இந்தப் படலம் தெரியும் ஆழத்தையும், வலையில் பட்ட மீனையும், நேரத்தையும் குறித்துவைக்கலாம். அந்தக் குறிப்புகளை மண்டபம், தூத்துக்குடி, சென்னை ஆகிய இடங்களில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய மையங்களில் பகிரலாம். ஆய்வுக் கப்பல் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். மீன்பிடிப் படகுகளோ கடலெங்கும் பரந்திருக்கின்றன. ஒரே இரவில் நூறு படகுகள் எழுதும் குறிப்பு, நம் கடலைப் பற்றி எந்த ஒற்றைக் கப்பலாலும் தர முடியாத அறிவைத் தரும்.