காலை எடுத்த பின் புண் ஆறாவிட்டால்…

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாகிவிட்டது, இனித் தொல்லை இல்லை என்று வீட்டார் நினைப்பதுண்டு. ஆனால் அடுத்து வரும் வாரங்கள்தான் முக்கியம். சர்க்கரை வியாதியாலோ இரத்தக்குழாய் அடைப்பாலோ கால் போனவருக்கு, தைத்த இடமும் அதே நோயுள்ள உடம்பில்தானே ஆற வேண்டும்?

நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் பாலங்களைப் பராமரித்து ஓய்வு பெற்ற டிப்ளமோக்காரன். என் அண்ணாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் என்றபோது டாக்டர்களிடம் கேட்டுப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முன்னங்கால் எலும்பை முழங்காலுக்குக் கீழே சுமார் 12 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு அறுக்கிறார்கள். அதன் முன் விளிம்பை ராவிச் சரிவாக்குவார்கள். கூராக விட்டால் உள்ளிருந்தே தோலைக் குத்தும். கெண்டைக்கால் சதையை நீளமாக விட்டு, முன்பக்கம் மடித்துத் தைப்பது வழக்கம். முன்பக்கத் தோலைவிட அதற்கு இரத்த ஓட்டம் அதிகம். எலும்புக்கு மெத்தையாகவும் ஆகிறது.

அப்படியும் சிக்கல் வரலாம். உள்ளே இரத்தம் கட்டினால் வெளியேற்ற வேண்டும். சீழ் பிடித்தால் தையலைப் பிரித்துக் கழுவி, எந்தக் கிருமி என்று சோதித்து மருந்து கொடுப்பார்கள். ஓரத்தோல் லேசாகக் கறுத்து உலர்ந்திருந்தால் பொறுத்துப் பார்ப்பார்கள். ஆழமாக அழுகினால் செத்த சதையை வெட்டி நீக்குவார்கள். துருவைச் சுரண்டாமல் பெயிண்ட் அடித்துப் பயனில்லை என்பது எங்கள் தொழிலிலும் பாலபாடம். பிறகு, கசிவை உறிஞ்சும் வாக்குவம் கட்டும் போடுவதுண்டு. காலுக்கு இரத்தம் போதுமா என்று டாப்ளர் கருவியால் பார்த்து, அடைப்பு இருந்தால் அதையும் சரிசெய்ய முயல்வார்கள்.

எலும்பு வெளியே தெரிந்தால், அதை இன்னும் கொஞ்சம் குறைத்துச் சதையை மூடித் தைக்கலாம். அண்ணாவுக்கு அதைத்தான் செய்தார்கள். "மறுபடியும் கத்தியா?" என்று அண்ணி அழுதார். ஆனால் தள்ளிப்போட்டுச் சீழ் மேலே ஏறியிருந்தால் முழங்காலுக்கு மேலேயே எடுக்க நேர்ந்திருக்கும். முழங்கால் மூட்டு நல்ல கீல் போன்றது. அது தப்பினால் செயற்கைக் காலில் நடக்க உடம்பு படும் பாடு வெகுவாகக் குறையும். 1968இல் டாக்டர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் போன்றவற்றைப் பொருத்துவதும் எளிது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மூட்டு மடங்கியே இறுகிவிடும்.

• இரவில், கால் இல்லாததை மறந்து எழுந்து விழுபவர்கள் உண்டு. விழுந்தால் தையல் பிளக்கும். துணைக்கு ஒருவர் அருகில் படுக்கட்டும்.

• காய்ச்சல், நாற்றம், கசிவு, கூடும் வலி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

• பீடி, சிகரெட் அறவே கூடாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கட்டும். பருப்பு, முட்டை போன்ற புரதச் சத்து தேவை.

• மற்றக் காலின் பாதத்தைத் தினமும் பாருங்கள்.

மறு ஆபரேஷன் என்றால் பயந்து மறுக்காதீர்கள். "முழங்காலைக் காப்பாற்ற முடியுமா?" என்று முதலில் கேளுங்கள்.