பல் அவசரநிலை

பல் அவசரநிலை என்பது பல், ஈறு, தாடை ஆகியவற்றில் ஏற்படும் காயம், தொற்று அல்லது குருதிப்போக்கினால், உடனே மருத்துவம் செய்யாவிட்டால் பல்லையோ, சில வேளைகளில் உயிரையோ இழக்க நேரும் நிலையைக் குறிக்கும். பல்வலி எல்லாம் அவசரநிலை ஆகாது. வலி குறைவாக இருப்பதால் ஆபத்து இல்லை என்றும் கொள்ள முடியாது. இரவெல்லாம் தூங்கவிடாத சொத்தைப்பல் பெரும்பாலும் விடியும்வரை பொறுக்கும். அதிகம் வலிக்காத ஒரு தாடை வீக்கம் பொறுக்காமல் போகலாம்.

அடிபட்டு விழுந்த பல்

விளையாடும்போதோ மிதிவண்டியிலிருந்து விழுந்தோ ஒரு நிலைப்பல் வேரோடு கழன்றுவிட்டால், அதைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பல்லை எலும்போடு பிணைக்கும் மெல்லிய தசைநாரின் உயிரணுக்கள் அதன் வேரில் ஒட்டியிருக்கும். வேர் உலர்ந்தால் அவை இறக்கத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குள் பல்லைக் குழியில் திரும்பப் பொருத்தினால் அது நிலைத்து நிற்கும் வாய்ப்பு அதிகம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்ந்து கிடந்தால் அந்த உயிரணுக்கள் பிழைப்பது அரிது.

பல்லின் வெண்மையான மேற்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் தூய நீரில் சில நொடிகள் அலசி, முன்புறம் முன்னால் இருக்கும்படி குழியில் வைத்து, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்யலாம். அதற்குத் துணிவு வராவிட்டால், பல் மூழ்கும் அளவு பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். காய்ச்சாத குளிர்ந்த பாக்கெட் பால் போதும். பள்ளியின் முதலுதவிப் பெட்டியில் பால் இருக்காது என்றாலும், பள்ளிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் நிச்சயம் இருக்கும். வெறும் தண்ணீரில் போட்டுவைத்தால் அந்த உயிரணுக்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். பல்லைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைப்பதும், சோப்புப் போட்டுத் தேய்ப்பதும் பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்.

பால்பல் விழுந்தால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது; உள்ளே வளரும் நிலைப்பல் பழுதடையக்கூடும். விழுந்த பல் கிடைக்காமல், அடிபட்டவர் இருமிக்கொண்டே இருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். மயக்கமோ வாந்தியோ இருந்தால் தலைக்காயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பல்லை அல்ல.

பரவும் வீக்கம்

சொத்தையின் அடியில் சேரும் சீழ் பெரும்பாலும் ஈற்றில் ஒரு கொப்புளமாக நின்றுவிடும். சிலருக்கு அது கன்னத்துக்கும் கழுத்துக்கும் பரவுகிறது. கீழ்க்கடைவாய்ப் பற்களின் வேர்கள் தாடையின் அடிப்பகுதிவரை நீள்வதால், அங்கிருந்து வரும் தொற்று நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் எளிதில் இறங்கிவிடும். இவ்வாறு இருபுறமும் பரவும் கடும் தொற்றை 1836ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் வில்எல்ம் பிரீட்ரிக் ஃபொன் லுட்விக் விவரித்தார். அவர் பெயராலேயே அது லுட்விக் ஆஞ்சைனா எனப்படுகிறது. வீக்கம் நாக்கை மேலும் பின்னுமாகத் தள்ளுவதால் மூச்சுவழி அடைபடுகிறது.

வாயைத் திறக்க முடியாமை, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிதல், குரல் அடைத்தாற்போல் மாறுதல், காய்ச்சல், தாடைக்கு அடியில் பலகைபோல் இறுகிய வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை இதன் எச்சரிக்கைகள். இவற்றில் எது தென்பட்டாலும் தெருமுனைப் பல் மருத்துவமனையைத் தேடாமல், அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம். மேற்பல் தொற்றினால் கண்ணைச் சுற்றி வீங்கினாலும் இதே அவசரம்தான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வீக்கத்தைச் சற்று அடக்கிக் காட்டும். ஆனால் சீழை வெளியேற்றி, பழுதான பல்லுக்கு மருத்துவம் செய்யாதவரை தொற்றின் மூலம் அப்படியே இருக்கும். வீங்கிய இடத்தில் வெளியிலிருந்து ஒத்தடம் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

வலி

குளிர்ந்த நீர் பட்டவுடன் கூசி, உடனே நின்றுவிடும் வலிக்குச் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்தால் போதும். எதுவும் படாமலே துடிப்பதும், படுத்தால் கூடுவதும் பற்கூழ் அழற்சியின் அடையாளங்கள். ஓரிரு நாளுக்குள் காட்டுவது நல்லது. பல நாள் வலித்த பல் திடீரென அமைதியானால் குணமாகிவிட்டதாகப் பலர் மகிழ்கின்றனர். உண்மையில் பற்கூழ் இறந்திருக்கக்கூடும். சீழ் அதன் பிறகே சேரத் தொடங்கும். கிராம்பு எண்ணெய் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யும், அவ்வளவே. ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் வைத்தால் ஈறு வெந்துபோகும்.

குருதிப்போக்கு

பல் பிடுங்கிய அன்று எச்சிலில் இளஞ்சிவப்பு நிறம் தெரிவது இயல்பு. குருதி தொடர்ந்து வந்தால் சுத்தமான துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் அரை மணி நேரம் கடித்திருக்க வேண்டும். அதன் பிறகும் நிற்காவிட்டாலோ, நோயாளி குருதி உறையாமைக்கான மாத்திரை உட்கொள்பவராக இருந்தாலோ மருத்துவ உதவி தேவை.

பல்லில் தொடங்காத வலி

கீழ்த்தாடை வலி எப்போதும் பல்லிலிருந்து வருவதில்லை. மாடிப்படி ஏறும்போது தோன்றி, ஓய்ந்தால் குறையும் தாடை வலி இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். அதனுடன் வியர்வையோ, மூச்சுவாங்கலோ, நெஞ்சில் இறுக்கமோ சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கக்கூடும்; அப்போது பல் மருத்துவரிடம் போய் நேரத்தை இழக்கக் கூடாது.