14 வயதில் 'அடுத்த பீலே'... 22 வயதில் கடைசி சர்வதேசப் போட்டி! ஃப்ரெடி அடூவுக்கு என்ன ஆனது?

2003 நவம்பர் 16. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஒரு நட்புப் போட்டி. பார்சிலோனா அணிக்காகக் கடைசி கால் மணி நேரம் ஆட 16 வயதுப் பையன் ஒருவன் களமிறங்கினான். பெயர் லியோனல் மெஸ்ஸி. வெளியுலகில் அப்போது அவனைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

இரண்டே நாள் கழித்து, நியூயார்க்கில் 14 வயதுப் பையன் ஒருவனை மேடையேற்றி, 'இவன் இனி எங்கள் வீரன்' என்று அறிவித்தது எம்.எல்.எஸ் எனப்படும் அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர். பெயர் ஃப்ரெடி அடூ. பத்திரிகைகள் வைத்த பட்டம், 'அடுத்த பீலே'.

இந்த இருவரில் யார் உலகை ஆளப்போகிறார் என்று அன்று அமெரிக்காவில் கேட்டிருந்தால், எல்லோரும் ஃப்ரெடியைத்தான் கை காட்டியிருப்பார்கள். ஆனால் நடந்தது வேறு.

லாட்டரியில் கிடைத்த அமெரிக்கா

ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், டெமா என்ற துறைமுக நகரில் 1989-ல் பிறந்தவர் ஃப்ரெடி. தெருவில் தன்னைவிடப் பெரியவர்களோடு வெறுங்காலில் ஆடித்தான் பந்தைப் பழகினார். கிரீன் கார்டு லாட்டரியில் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் அடிக்க, 1997-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாகாணத்தில் குடியேறினார்கள். அம்மா எமீலியா இரண்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

பள்ளி மைதானத்திலேயே பையனின் கால் வித்தை பேச்சானது. பத்து வயதிலேயே இத்தாலியின் பெரிய கிளப் ஒன்று அவரைக் கேட்டது. 'இவன் இன்னும் குழந்தை' என்று மறுத்துவிட்டார் அம்மா.

ஆனால் அந்த உறுதி நீடிக்கவில்லை. 13 வயதில் நைக்கி நிறுவனத்தோடு 10 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2003-ல் ஃபின்லாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், 14 வயது ஃப்ரெடி தென் கொரியாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். அதன் பிறகு யாராலும் பொறுமையாக இருக்க முடியவில்லை.

லீக்குக்கு ஒரு நாயகன் வேண்டியிருந்தது

எம்.எல்.எஸ் அப்போது நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. 2001 சீசனோடு ஃப்ளோரிடாவின் இரண்டு கிளப்கள் இழுத்து மூடப்பட்டு, மிஞ்சியவை பத்துதான். கூடைப்பந்தும் பேஸ்பாலும் பார்க்கும் அமெரிக்கர்களைக் கால்பந்து பக்கம் திருப்ப ஒரு முகம் தேவைப்பட்டது. சிரித்த முகம், ஏழ்மையிலிருந்து எழுந்த கதை, அபாரத் திறமை என எல்லாமே ஃப்ரெடியிடம் இருந்தன.

ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் சம்பளம். லீக்கிலேயே மிக அதிகம்! வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக வாஷிங்டனின் டி.சி. யுனைடெட் அணியில் சேர்த்தார்கள். குளிர்பான விளம்பரம் ஒன்றில் பீலேவுடனேயே நடித்தார். கார் ஓட்டும் வயது வராததால், லீக்கில் அதிகச் சம்பளம் வாங்கும் அந்த வீரரைப் பயிற்சிக்குக் காரில் அழைத்துப் போனது அம்மாதான்!

2004 ஏப்ரல் 3 அன்று முதல் போட்டி. இரண்டே வாரத்தில் முதல் கோல். அந்த சீசனில் டி.சி. யுனைடெட் கோப்பையையும் வென்றது. ஆனால் ஃப்ரெடியின் கணக்கில் இருந்தவை 30 போட்டிகளில் 5 கோல்கள்தான். 14, 15 வயதுப் பையனுக்கு இது சாதனை. 'அடுத்த பீலே'வுக்கு இது போதாது!

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. வளர்ந்த ஆண்களின் வேகத்துக்கும் உடல் பலத்துக்கும் அந்தப் பையனின் உடம்பு ஈடுகொடுக்கவில்லை. பயிற்சியாளர் பீட்டர் நோவாக் அவரைப் பல நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார். ரசிகர்களோ அவரைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தார்கள். தனக்குப் போதிய வாய்ப்பு தருவதில்லை என்று 2005-ல் ஃப்ரெடி வெளிப்படையாகப் புலம்ப, ஒரு பிளே ஆஃப் போட்டியில் ஆட அணியே தடை போட்டது.

பெட்டியும் கையுமாக...

2006 இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டில் இரண்டு வாரப் பயிற்சி வாய்ப்பு கிடைத்தது. ஒப்பந்தம் ஆகவில்லை. அடுத்து ரியல் சால்ட் லேக் அணிக்கு மாற்றப்பட்டார். 2007-ல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் போலந்துக்கு எதிராக ஹாட்ரிக். அமெரிக்கா பிரேசிலையே வீழ்த்தியது. 'பையன் திரும்பி வந்துவிட்டான்' என்று எல்லோரும் கொண்டாட, போர்ச்சுகலின் பென்ஃபிகா அவரை 20 லட்சம் டாலருக்கு வாங்கியது.

அங்கே விதி விளையாடியது. அவர் சேர்ந்த சில வாரங்களிலேயே பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அடுத்து வந்தவரும் சீசன் முடியும் முன்பே விலகினார். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டிய நிலை. பிறகு கடனுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். மொனாக்கோ, போர்ச்சுகலின் பெலெனென்செஸ், கிரீஸின் ஆரிஸ், கடைசியாக 2011-ல் துருக்கியின் இரண்டாம் டிவிஷனில் ஆடிய ரிசேஸ்போர். அப்போது அவருக்கு வயது 21.

அந்த ஆண்டு ஒரு கடைசி வெளிச்சம் தெரிந்தது. கோல்டு கப் தொடருக்கு அமெரிக்க அணி அவரை அழைத்தது. பனாமாவுக்கு எதிரான அரையிறுதியில் மாற்று வீரராக இறங்கி, அவர் கொடுத்த நீண்ட பாஸிலிருந்துதான் அமெரிக்காவின் வெற்றி கோல் பிறந்தது. மெக்சிகோவுடனான இறுதிப் போட்டியில் தொடக்கத்திலிருந்தே ஆடினார். அமெரிக்கா 4-2 எனத் தோற்றது. தேசிய அணிக்காக ஃப்ரெடி ஆடிய கடைசிப் போட்டி அதுதான். 17 போட்டிகள், 2 கோல்கள்.

அதற்குப் பின் பிலடெல்பியா, பிரேசில், செர்பியா, ஃபின்லாந்து, தம்பா, லாஸ் வேகாஸ் என்று பயணம் தொடர்ந்தது. 2020-ல் ஸ்வீடனின் சின்ன கிளப் ஒன்றில் சேர்ந்து, சில மாதங்களில் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். மொத்தம் 14 கிளப்கள்!

தவறு யாருடையது?

'திறமை இருக்கிறது என்ற தைரியத்தில் உழைப்பைக் குறைத்துவிட்டேன்' என்ற பொருளில் பின்னாளில் ஃப்ரெடியே பேசியிருக்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முழு உண்மை அதில் இல்லை.

மெஸ்ஸிக்குப் பின்னால் லா மாசியா என்ற கால்பந்துப் பள்ளி இருந்தது. தன் வயதுக்காரர்களோடு ஆடி, தப்பு செய்து, திருத்திக்கொள்ள அவருக்கு ஆண்டுகள் கிடைத்தன. லீக்கில் அவர் அறிமுகமானது 17 வயதில். அப்போதும் உடனே அணியைத் தூக்கிச் சுமக்கும்படி யாரும் கேட்கவில்லை. அமெரிக்க கிளப்களில் அன்று அப்படிப்பட்ட அகாடமி அமைப்பே இல்லை. ஒன்பதாம் வகுப்பு வயதுப் பையனின் ஒவ்வொரு தப்பும் நாடு முழுக்க டி.வி-யில் ஓடியது.

இன்னொரு விஷயம், எம்.எல்.எஸ்ஸுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. பார்வையாளர்கள் வந்தார்கள், ஸ்பான்சர்கள் வந்தார்கள், 2007-ல் டேவிட் பெக்காமே வந்தார். அந்தக் கணக்கில் ஃப்ரெடி தோற்கவில்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது அவர் மட்டும்தான்.

2024 ஜூலையில் ஃப்ரெடியின் சாதனை ஒன்று முறிந்தது. பிலடெல்பியா யூனியனின் கேவன் சல்லிவன், 14 வயது 293 நாள்களில் களமிறங்கி, எம்.எல்.எஸ்ஸில் ஆடிய மிக இளைய வீரரானார். ஃப்ரெடியைவிட 13 நாள் இளையவர். அன்று அவர் ஆடியது கடைசிச் சில நிமிடங்கள்தான். அணி முன்னிலையில் இருந்தபோது இறக்கிவிட்டார்கள். பிறகு பெரும்பாலும் இரண்டாம் நிலை அணியிலேயே வளர்த்தார்கள். 20 ஆண்டுகளில் லீக் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறது.

பாட்டோ, படிப்போ, செஸ்ஸோ, கால்பந்தோ... பிள்ளையிடம் ஒரு பொறி தெரிந்தால் நமக்குப் பெருமை பொங்கும். உடனே மேடை தேடுவோம், பட்டம் சூட்டுவோம். அந்தப் பிள்ளை சாதாரணமாக ஆடி, சாதாரணமாகத் தோற்று, வீடு திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கவும் சில வருடங்கள் வேண்டும். ஃப்ரெடிக்குக் கிடைக்காமல் போனது அந்தச் சில வருடங்கள்தான்.