முதலும் ஊதியமும்

சொற்கள் காலப்போக்கிற் பொருள் மாறுதல் மொழியின் இயல்பு. 'நாற்றம்' என்னுஞ் சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்ததென்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அவ்வாறு மாறியும், அத்துணை பேசப்படாத சொல் ஒன்றுண்டு. அஃது 'ஊதியம்'. திருக்குறளில் இச்சொல் வரும் இடங்களைத் தொகுத்து நோக்குவார்க்கு, இலாபம், பயன் என்பனவே அதன் பொருளென்பது விளங்கும். மாதம் முடிந்ததும் எண்ணிக் கொடுக்கப்படும் சம்பளம் என்ற பொருள் ஆண்டு இல்லை. இன்றோ ஊதிய உயர்வு என்கிறோம், ஓய்வூதியம் என்கிறோம். வணிகனுக்கு உரியதாயிருந்த சொல் உத்தியோகத்தனுக்கு உரியதாயிற்று.

சொல்லில் நேர்ந்த இம்மாற்றத்தை வாழ்விலே திருப்பிப் பார்க்க முனைவோர் சிலர் இக்காலத்தில் தோன்றியுள்ளனர். பங்குச் சந்தையிற் காலையில் வாங்கி மாலையில் விற்று, அதில் வரும் இலாபத்தையே மாதச் சம்பளம்போலக் கொண்டு குடும்பம் நடத்தலாமென எண்ணும் முழுநேர வணிகரே அவர். வேறு தொழில் இல்லை. வேறு வருவாய் இல்லை. இலாபம் என்ற பழைய ஊதியத்தின்மேல், சம்பளம் என்ற புதிய ஊதியத்தின் சுமை முழுவதையும் ஏற்றி வைக்கின்றனர். அச்சுமையை அது தாங்குமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தீவிற்கு வந்த சந்தை

இலங்கையிற் பங்கு வணிகம் புதியதன்று. பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு முதல் திரட்டும் பொருட்டுக் கொழும்பிலே தரகர் சங்கம் ஒன்றின் வழியாக 1896ஆம் ஆண்டிலேயே பங்குகள் கைமாறத் தொடங்கின. இன்றைய பங்குச் சந்தை 1985இல் நிறுவப்பெற்று, 1990இற் கொழும்புப் பங்குச் சந்தை என்னும் பெயரை ஏற்றது. ஆயினும் நெடுங்காலம் அது கொழும்பு நகரத்தார் சிலரின் அலுவலாகவே இருந்தது. போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்தில் அதன் கிளை திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டிற் கைபேசி வழியாகவே கணக்குத் திறக்கும் வசதியும் வந்தது. இப்பொழுது கரம்பொனிலோ நெடுந்தீவிலோ இருக்கும் இளைஞன் ஒருவன், பண்ணைப் பாலத்தைக் கடவாமலே, காலை ஒன்பதரை மணிக்குச் சந்தைக்குள் நுழைந்து பிற்பகல் இரண்டரை மணிக்கு வெளியேறலாம்.

இதன் கவர்ச்சியை நாம் இகழ்ந்து ஒதுக்குதல் தகாது. பட்டம் பெற்றும் அரச நியமனத்திற்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் இளைஞர் நம் ஊர்களில் உளர். சந்தை அவர்களிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை, ஊரும் குலமும் வினாவுவதில்லை, வயதெல்லை விதிப்பதில்லை. மேலதிகாரியின் முகம் பார்க்க வேண்டியதில்லை. தன் அறிவையே முதலாகக் கொண்டு தன் காலில் நிற்கிறேன் என்று சொல்லும் பெருமிதம் சிறிதன்று. கணக்கிலும் பொருளியலிலும் நாட்டமுள்ளவனுக்குக் கம்பனிகளின் அறிக்கைகளைப் படித்தலும் விலைகளின் போக்கை ஆராய்தலும் இன்பந் தரும் பயிற்சியே. இவ்வின்பம் உண்மையானது. பிழை இன்பத்தில் இல்லை. இதனைக்கொண்டு அடுப்பெரிக்கலாம் என்னும் கணக்கிலேதான் உள்ளது.

அடுப்பின் கணக்கு

அக்கணக்கைச் சிறிது போட்டுப் பார்ப்போம். ஒருவன் கையில் பத்து இலட்சம் ரூபாய் முதல் உண்டெனக் கொள்க. குடும்பச் செலவு மாதம் ஓர் இலட்சம். ஆண்டிற்குப் பன்னிரண்டு இலட்சம். ஆகவே முதல் குறையாதிருக்க வேண்டின், அவன் ஆண்டுதோறும் நூற்றுக்கு நூற்றிருபது வீதம் இலாபம் ஈட்டல் வேண்டும். முதல் ஐம்பது இலட்சமாயினும் நூற்றுக்கு இருபத்துநான்கு வீதம் வேண்டும். உலகின் தேர்ந்த முதலீட்டாளரும் ஆண்டு தவறாமல் எய்த முடியாத உயரம் அது. இன்னுமொன்று: முதலிற் பாதியை இழந்தவன், இழந்த இடத்திற்கு மீள நூற்றுக்கு ஐம்பது ஈட்டினாற் போதாது, நூறு ஈட்டல் வேண்டும். இறங்கும் படிகளிலும் ஏறும் படிகள் செங்குத்தானவை.

இது வெறுங் கற்பனைக் கணக்கன்று என்பதற்கு அயல்நாட்டுச் சான்று உண்டு. இந்தியாவின் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் 'செபி' என்னும் வாரியம் 2024 செப்ரெம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. முன்பேர ஒப்பந்தங்களிலும் விருப்புரிமை ஒப்பந்தங்களிலும் மூன்று நிதியாண்டுகளாக ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனியாட்களின் கணக்குகளை அது ஆராய்ந்தது. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூவர் நட்டமடைந்தனர். ஒருவர்க்குச் சராசரி இரண்டு இலட்சம் இந்திய ரூபாய் நட்டம். செலவு போக ஓர் இலட்சத்திற்கு மேல் இலாபங் கண்டோர் நூற்றுக்கு ஒருவரே. நட்டமடைந்தோரில் முக்காற் பங்கிற்கு மேற்பட்டோர் அதன் பின்னரும் விடாது தொடர்ந்தனர் என்பதே நெஞ்சை வருத்துவது.

பிரேசில் நாட்டு ஆய்வாளர் மூவர், பிழைப்புக்காகவே நாள் வணிகஞ் செய்தல் இயலுமா என்னும் கேள்வியை நேராகவே எழுப்பினர். 2013 முதல் 2015 வரையிற் புதிதாகத் தொடங்கியவருள் முந்நூறு நாட்களுக்கு மேல் விடாது முயன்றவர்களை எடுத்துக்கொண்டனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெழுவர் இழந்தனர். அந்நாட்டின் மிகக் குறைந்த சட்டக் கூலியிலும் கூடுதலாக ஈட்டியோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே. பழகப் பழகக் கைவரும் என்பது தச்சுக்கும் நெசவுக்கும் மெய்யான விதி. இத்தொழிலிலே முந்நூறு நாட் பழக்கமும் பெரும்பாலார்க்கு அவ்விதியை மெய்ப்பிக்கவில்லை.

காத்திருக்க முடியாதவன்

நம் நாட்டிலேயே 2022ஆம் ஆண்டு ஒரு பெரும் பாடம் நடந்தது. அவ்வாண்டு ஜனவரியிற் கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐக் கடந்து நின்றது. பங்கு வாங்காதவன் பேதை எனப் பேசப்பட்ட காலம் அது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. ஏப்ரல் 18 முதல் ஐந்து நாட்களுக்குச் சந்தையே மூடப்பட்டது. அம்மாத இறுதியிற் சுட்டெண் 8,000இற்குக் கீழே கிடந்தது. அதேவேளை விலைவாசி விண்ணை நோக்கி ஏறிற்று. செப்ரெம்பரிற் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்படி ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது வீதத்தை எட்டியது.

இவ்விடத்தில் இருவரை ஒப்பிட்டு நோக்குக. ஒருவர் ஆசிரியர், தம் சேமிப்பில் ஒரு பகுதிக்குப் பங்கு வாங்கியவர். மற்றவர் முழுநேர வணிகர். இருவர் பங்கும் ஒரே அளவில் வீழ்ந்தன. ஆசிரியர் வருந்தினார், ஆயினும் மாத முடிவிற் சம்பளம் வந்தது. அது போதாதாயினும் அரிசிக்கு ஆயிற்று. அவர் பங்குகளைத் தொடாமல் வைத்திருந்தார். 2025இற் சுட்டெண் 20,000ஐத் தாண்டியபொழுது அவருடைய பொறுமைக்குப் பயன் கிடைத்தது. மற்றவரோ, விலை பாதியாய் விழுந்த அதே மாதத்தில், விலை இரட்டித்த அரிசியையும் பாணையும் வாங்குவதற்காகப் பங்குகளை விற்றார். தரகரிடம் கடன்பட்டு வாங்கியிருந்தாராயின், விற்பதா வேண்டாமா என்று எண்ணும் உரிமையும் அவரிடம் இல்லை. இருவர்க்கும் அறிவில் வேறுபாடில்லை. காத்திருக்கும் வலிமையில் மட்டுமே வேறுபாடு. சந்தைக்கு மாதம் என்றொன்று இல்லை. குடும்பத்திற்கோ மாதந்தான் உண்டு. இவ்விரண்டையும் ஒரே கயிற்றாற் கட்டுவதே இத்தொழிலின் மூலத் துன்பம்.

"கடற்றொழிலாளிக்கும் நிலையான வருவாய் இல்லையே; அவன் வாழவில்லையா?" எனச் சிலர் வினவுவர். நல்ல வினா. நம் தீவகத்தார் சோளகமும் வாடையும் அறிந்து, எந்தக் காற்றில் எந்தப் பக்கக் கடல் உதவும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றவர். மீன் படாத நாளிற் கடற்றொழிலாளி வெறுங்கையோடு கரை திரும்புகிறான். ஆயின் வள்ளத்தின் பலகை ஒன்றைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதில்லை. பங்கு வணிகனுக்கு முதலே வள்ளம். கெட்ட நாள் ஒவ்வொன்றும் அதில் ஒரு பலகையைப் பெயர்க்கிறது. வீட்டுச் செலவிற்கு முதலில் கைவைக்கும்பொழுது இன்னொரு பலகையை அவனே பெயர்த்து அடுப்பில் இடுகிறான்.

மனநிறைவு எங்கே?

பொருளை விடுத்து மனத்தை நோக்குவோம். ஒரு தொழில் மனநிறைவு தருவது எதனால்? செய்த வேலைக்கும் விளைந்த பயனுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் ஒரு தொடர்பு இருப்பதனால். தச்சன் கதவைச் செவ்வனே இழைத்தால் அது செவ்வனே மூடும். உழவன் நீர் பாய்ச்சினாற் பயிர் நிமிரும். பங்கு வணிகத்தில் இத்தொடர்பு அறுந்து அறுந்து தோன்றும். நன்கு ஆராய்ந்து எடுத்த முடிவு நட்டத்தில் முடியலாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு இலாபந் தரலாம். பிழைக்குப் பரிசும் திருத்தத்திற்குத் தண்டனையும் மாறி மாறிக் கொடுக்கும் ஆசிரியனிடம் மாணவன் எதைக் கற்பான்?

நாளின் ஒழுங்கும் குலைகிறது. கொழும்புச் சந்தை போதாதென்று அமெரிக்கச் சந்தையை நாடுவோர்க்கு, அது நம் நேரப்படி கோடைகாலத்தில் மாலை ஏழு மணிக்குத் திறந்து பின்னிரவு ஒன்றரைக்கு மூடும். மாரியில் இன்னும் ஒரு மணி பிந்தும். பிள்ளைகள் உண்டு உறங்கும் நேரமே அவர்க்கு அலுவல் நேரம். நாணயச் சந்தையோ வாரத்தில் ஐந்து நாட்கள் இரவும் பகலும் மூடுவதில்லை. உறக்கம் கெடுகிறது, கண்ணும் முதுகும் நோகின்றன. இவற்றினும் கொடியது தனிமை. கடைக்கு வாடிக்கைக்காரர் உளர். பாடசாலைக்கு மாணவர் உளர். அலுவலகத்தில் உடன் தேநீர் அருந்த ஒருவர் உளர். இவர்க்கு எதிரே ஒரு திரை மாத்திரமே உண்டு. இலாபங் கண்ட நாளில் வாழ்த்துவோர் இலர்; நட்டங் கண்ட நாளில் வீட்டாரிடம் சொல்ல நா எழுவதில்லை. எண்கள் சிவந்தால் முகம் சிவக்கும். மனைவி மக்கள் திரையைப் பாராமலே அன்றைய விலையை அவர் குரலில் அறிந்துகொள்வர்.

சமுதாயத்தின் மதிப்பும் எளிதிற் கிட்டுவதில்லை. "மாப்பிள்ளை என்ன உத்தியோகம்?" என்பது யாழ்ப்பாணத்துப் பழைய வினா. அதற்கு இவரிடம் விடை இல்லை. வங்கியிற் கடன் கேட்டாற் சம்பளச் சான்று எங்கே என்பர். தனியார் துறை ஊழியனுக்கு 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. அவன் எட்டு வீதம் கட்ட, முதலாளி பன்னிரண்டு வீதம் கட்டுவார். இவர்க்கு முதலாளியும் தாமே, ஊழியரும் தாமே. ஆதலின் இருபது வீதத்தையும் தாமே ஒதுக்கினாலன்றி முதுமைக்கு ஒன்றுமில்லை.

பெருவெற்றி கண்டால் இத்துன்பங்கள் தீருமோ எனின், அதற்கும் வரலாறு உறுதி கூறவில்லை. அமெரிக்காவின் ஜெசி லிவர்மோர் இத்தொழிலுக்கே தம் வாழ்வை ஈந்தவர். 1929ஆம் ஆண்டின் பெருவீழ்ச்சியில் உலகமே இழக்க, அவர் பெருங்கோடி குவித்தார். ஐந்தாண்டில், 1934இல், வங்குரோத்தானார். 1940இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நுண்ணறிவிற் குறைந்தவரல்லர் அவர். நிறுத்துமிடம் ஒன்றில்லாத தொழிலில் அறிவு ஒன்றே காவலாகாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

முன்னோர் வைத்த வேலி

வணிகம் நம் தீவகத்தார்க்குப் புதியதன்று. கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்து வாழ்ந்தோர் பலர். பையனாய்ச் சேர்ந்து, நிறுவையும் கணக்கும் கற்று, பங்காளியாகி, பின்னரே தனிக்கடை கண்டனர். ஐந்தொகை போட்ட பின்னரே எது முதல், எது ஊதியம் என்று பிரித்தனர். கல்லாவில் இருக்கும் பணம் எல்லாம் தம்முடையதென்று அவர்கள் எண்ணவில்லை. ஊரிலே காணியும் பனையும் வைத்திருந்ததும் ஒரு வேலியே. 1958இலும் 1977இலும் 1983இலும் கடைகள் சூறையாடப்பட்டுத் திரும்பியோர்க்கு அவ்வேலியே நிழலாயிற்று.

பங்கு வணிகத்தில் இறங்கும் இளைஞர்க்கும் அவ்வேலி வேண்டும். வேறொரு வருவாய் கைவிடப்படாதிருத்தல் முதல் வேலி. ஓராண்டு வீட்டுச் செலவைச் சந்தை தீண்டாத இடத்தில் வைத்தல் இரண்டாவது. கடன்பட்ட பணத்தையும் இல்லாளின் நகையையும் முதலாக்காமை மூன்றாவது. இவ்வளவு இழந்தால் இவ்வாண்டு போதும் என எல்லையை முன்னரே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைத்தல் நான்காவது. இந்நான்கும் இருப்பின் சந்தை நல்ல கழனி, சேமிப்பைப் பெருக்கும், நாட்டின் தொழில்களுக்கு முதல் தரும். இந்நான்கும் இன்றி முழு வாழ்வையும் அதன்மேல் வைத்தல் வணிகமன்று; அதனை வள்ளுவர் பொருட்பாலிலேயே வேறோர் அதிகாரத்திற் சூது என்று வைத்தார்.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. 'ஊதியம்' என்னுஞ் சொல்லுக்குப் பொருள் கூறும் பாடவேளையில், 'முதல்' என்னுஞ் சொல்லையும் பக்கத்திலே எழுதுதல் நன்று. முன்னது செலவழிக்கத்தக்கது; பின்னது காக்கத்தக்கது. வகுப்பிலே இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவனுக்கு அதனைச் சந்தை கற்பிக்க வேண்டியதில்லை. சந்தை வாங்கும் கட்டணம் மிகப் பெரிது.