மழலையரும் மாண்டரின் மொழியும்

"மாண்டரின்" என்னும் பெயர் சீனர்கள் தம் மொழிக்கு இட்ட பெயரன்று. நாம் நாள்தோறும் வழங்கும் "மந்திரி" என்ற வடசொல்லே மலாய் மொழியில் "மெந்தெரி" ஆகி, போர்த்துக்கீசியர் வாயில் "மாந்தரிம்" ஆகிச் சீன அரசின் அதிகாரிகளைக் குறித்தது. பின்னர் அவ்வதிகாரிகள் பேசிய மொழிக்கும் அதுவே பெயராயிற்று. சீனாவில் இம்மொழியைப் பொதுப்பேச்சு என்று பொருள்படப் "பூதொங்ஹுவா" என்பர். சிங்கப்பூரில் "ஹுவாயூ" என்பர். மந்திரிகளின் பெயரைத் தாங்கிய இம்மொழியை, இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் பாயில் அமர்ந்து மரக்கட்டை அடுக்கிக்கொண்டே பழகுவதற்குப் பெற்றோர் என்ன செய்யலாம் என்பதை இங்குக் காண்போம்.

சிங்கப்பூரில் சீனர்களே பெரும்பான்மையினராயிற்றே, அங்குச் சீனம் பழக ஒரு குழு எதற்கு என்று மாணவியர் கேட்கலாம். அங்குக் குடியேறிய சீனரின் முன்னோர் பெரும்பாலும் ஹொக்கியன், தியோச்சியூ, காண்டனீஸ் முதலியவற்றைப் பேசியவர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. 1979-ஆம் ஆண்டு செப்டம்பரில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ "மாண்டரின் பேசுவோம்" என்ற இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மற்றக் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாகக் குறைந்தன. பள்ளிகளிலோ ஆங்கிலமே பயிற்றுமொழி. மாண்டரின் ஒரு பாடம். இதன் விளைவைக் குடிமதிப்பு காட்டுகிறது. வீட்டில் மிகுதியாக ஆங்கிலம் பேசுவோர் 2010-இல் நூற்றுக்கு 32.3 ஆக இருந்து, 2020-இல் 48.3 ஆயினர். மாண்டரின் பேசுவோர் 35.6-இலிருந்து 29.9 ஆகக் குறைந்தனர். பாட்டிக்கு ஹொக்கியன், தாய்க்குப் பள்ளியில் கற்ற மாண்டரின், பேரனுக்கு ஆங்கிலம் என ஒரே கூரையின் கீழ் மூன்று மொழிகள். பாட்டி சோறு ஊட்டலாம். கதை சொல்ல இயலாது. இழப்பு என்பது இதுதான்.

பெற்றோர் தாமே கூடிக் குழந்தைகளுக்கு விளையாட்டுக் குழு அமைப்பது பழைய வழக்கமே. நியூசிலாந்தில் 1941 முதலே இத்தகைய நிலையங்கள் உண்டு. லண்டனில் பெல் டுட்டாயெவ் என்ற தாய் 1961-இல் கார்டியன் நாளிதழுக்கு எழுதிய ஒரு கடிதம் பிரிட்டன் முழுவதும் இத்தகைய குழுக்கள் பரவ வழி செய்தது. மறைந்துவரும் மொழிக்காக இம்முறையைக் கையாண்டவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். 1982-இல் அவர்கள் தொடங்கிய மழலையர் நிலையங்களுக்கு "மொழிக்கூடு" என்று பெயர். அங்கு முதியோர் குழந்தைகளிடம் மாவோரி மொழியில் மட்டுமே பேசினர். சிங்கப்பூர்ப் பெற்றோர்க்கும் இது நல்ல முன்மாதிரி என்பது நம் கருத்து.

குழு எதற்கு, தொலைக்காட்சியில் சீனப் படம் போட்டுக் காட்டினால் போதாதா என்பார் உண்டு. போதாது என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா கூல் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் மாண்டரின் பேசுவோர் பன்னிரண்டு முறை, முறைக்கு 25 நிமிடம், புத்தகமும் பொம்மையும் வைத்துக்கொண்டு விளையாடினர். மொத்தம் ஐந்து மணி நேரந்தான். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சீன ஒலி வேறுபாட்டை அக்குழந்தைகள் தைவான் குழந்தைகளுக்கு இணையாகவே பிரித்தறிந்தன. அதே மனிதர்களை, அதே நேரம் படக்காட்சியாக மட்டும் கண்ட குழந்தைகளோ ஒன்றும் கற்கவில்லை. முகம் பார்த்துச் சிரித்துப் பேசும் ஆள் வேண்டும் போலும்!

ஒலி என்றதும் மாண்டரினின் நான்கு தொனிகளைச் சொல்ல வேண்டும். "மா" என்பதை உயர்த்தி ஒரே சீராகச் சொன்னால் தாய். மேல்நோக்கி ஏற்றினால் சணல். தாழ்த்தி வளைத்தால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். தாயைக் குதிரை என்று அழைத்துவிடும் ஆபத்து வளர்ந்தவர்களுக்கே மிகுதி. நாமுங்கூடத் தொனி அறியாதவர்கள் அல்லர். "ம்?" என்றால் கேள்வி, "ம்" என்றால் இசைவு, இதை நமக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. சீனக் குழந்தையும் தொனியை அவ்வாறே பெறுகிறது. ஆகவே குழுவில் தொனிக்கென்று தனிப் பயிற்சி வேண்டுவதில்லை. எழுத்தும் வேண்டாம். அதற்குப் பள்ளி இருக்கிறது.

தொடங்குவதற்கு ஐந்தாறு குடும்பங்கள் போதும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரு மணி அளவு என்று வைத்துக்கொள்வது நலம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் திறந்த கீழ்த்தளமோ, முறைவைத்து ஒவ்வொருவர் வீடோ இடமாகலாம். தாயோ தந்தையோ உடனிருக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடக் கூடாது. குழுவில் இருவராவது சரளமாகப் பேசுபவராக இருத்தல் இன்றியமையாதது. மற்றப் பெற்றோர் பிள்ளைகளோடு சேர்ந்தே கற்கலாம். வந்ததும் ஒரு வணக்கப் பாட்டு, பிறகு களிமண், தண்ணீர், கட்டை என்று கைவேலை, அதன்பின் ஒரு படக்கதை, கடைசியில் தின்பண்டம். "இன்னும் வேண்டும்", "போதும்", "சூடு" என்ற சொற்கள் ஆவியில் வெந்த "பாவ்" ரொட்டியைக் கையில் வாங்கும்போது பதிவதுபோல் அட்டையைக் காட்டினால் பதியா.

உறவுச் சொற்களில் நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். மாண்டரினில் அண்ணன் "கேகே", தம்பி "தீதீ", அக்காள் "ஜியேஜியே", தங்கை "மெய்மெய்". பெரியப்பாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல், தாய்மாமனுக்கு வேறொரு சொல் என்று நம்மைப்போலவே விரிகிறது. குழுவிலுள்ள பிற தாய்மாரைக் குழந்தைகள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "ஆயீ" என்றே அழைப்பர். சிற்றன்னை என்று பொருள். நம் ஊர் "ஆயி"யோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே ஆயினும் கேட்க இனிமையாக இருக்கிறது. வயதறிந்து ஒருவரை முறைசொல்லி அழைக்கும் பழக்கம் மொழியோடு சேர்ந்தே வருவதைப் பெற்றோர் கவனிக்கலாம்.

விளையாட்டுகளும் அந்நியமானவை அல்ல. வட்டமாக அமர்ந்து, ஒருவர் பின்னால் கைக்குட்டையைப் போட்டு ஓடும் விளையாட்டு சீனச் சிறுவரிடமும் உண்டு. நம் குலைகுலையாய் முந்திரிக்காய் அதுதானே! பருந்து கோழிக்குஞ்சைப் பிடிக்கும் விளையாட்டும் அப்படியே. எண்ணுவதில் மட்டும் அவர்கள் நம்மை மிஞ்சுகிறார்கள். ஒரே கையால் பத்து வரை காட்டுவர். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டால் ஆறு, கட்டைவிரலும் சுட்டுவிரலும் நீண்டால் எட்டு.

தடைகள் இல்லாமலில்லை. தாய்மார் இருவர் பேசத் தொடங்கினால் ஆங்கிலம் தானே நுழைந்துவிடும். பெரியவர்களின் அரட்டையைக் குழந்தைகள் போனபின் வைத்துக்கொள்வதே வழி. சில குழந்தைகள் மாதக்கணக்கில் வாயே திறவா. அவை கேட்டுக்கொண்டிருக்கின்றன, வற்புறுத்தினால் இன்னும் மௌனமாகும்.

ஹொக்கியன் மட்டுமே அறிந்த பாட்டியை என்ன செய்வது? இது மாண்டரின் குழு, அவருக்கு இடமில்லை என்று சொல்வது சரியன்று என்றே நாம் கருதுகிறோம். ஒரு மணியில் பத்து நிமிடத்தை அவருக்கு ஒதுக்கி, அவர் தம் மொழியில் கதை சொல்ல, மகளோ மருமகளோ அதையே மாண்டரினில் தொடரலாம்.

ஏழு வயதை எட்டும் ஆண்டில் அங்குப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்புக்குச் செல்வர். குழு அப்போது கைமாறும். கட்டைப் பெட்டியும் படக்கதைகளும் தம்பி தங்கையர் உள்ள வீட்டுக்குப் போய்ச் சேரும்.