தவறிய சுரமும் அடுத்த சுரமும்

பாடற்குழுவில் ஒருவர் சுரம் தவறிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? உடனே திரும்பிப் பார்க்கிறோம். அந்தப் பார்வை தவறைவிட அதிகமாகக் காயப்படுத்துவதும் உண்டு.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக் தமக்கு நேர்ந்த ஒன்றைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1960களில் அவர் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் பியானோ வாசித்தார். ஐரோப்பாவில் ஓர் இரவு, 'சோ வாட்' என்ற இசை உச்சத்தில் இருந்தது. மைல்ஸ் ட்ரம்பெட்டில் தனித்து வாசித்துக் கொண்டிருந்த வேளையில், ஹான்காக் முற்றிலும் தவறான சுரங்களை அழுத்திவிட்டார். எல்லாம் பாழாயிற்று என்று கூனிக் குறுகிப் போனார். மைல்ஸ் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு அவர் வாசித்த சுரங்கள் அந்தத் தவறான சுரங்களைச் சரியானவையாக ஆக்கிவிட்டன! நடந்ததை மைல்ஸ் தவறு என்று தீர்ப்பிடவே இல்லை என்பது ஹான்காக்கிற்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்ததாம்.

இது எப்படி முடிந்தது? எழுதி வைத்ததை வாசிக்கும்போது தவறு தவறுதான். ஒப்பிட்டுப் பார்க்கத் தாள் இருக்கிறது. மேடையிலேயே உருவாகும் இசையில் அடுத்த சுரம் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே முந்தைய சுரத்தின் பொருளும் இன்னும் முடிவாகவில்லை. அதை முடிவு செய்வது பக்கத்தில் நிற்பவர்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா என்று கேட்காதீர்கள். பயிற்சிக்கு வராதவர்களுக்கு இதில் ஆறுதல் எதுவும் இல்லை! நெடுநாள் உழைத்தவரால்தான் அந்த ஒரு நொடியில் பதில் சொல்ல முடிந்தது.

பக்கத்தில் துணை இல்லாமல் தனியாக இருப்பவர்? 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர் ஓபரா அரங்கில் கீத் ஜாரெட் தனியாக வாசிக்க வந்தார். கேட்ட பெரிய பியானோ வரவில்லை. ஒத்திகைக்கு வைத்திருந்த சிறியது ஒன்றுதான் இருந்தது. மேல் சுரங்கள் கரகரத்தன, கீழ்ச் சுரங்களுக்கு வலுவில்லை, மிதிகட்டையும் சரியில்லை. வாசிக்க மாட்டேன் என்றவரை, நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த 18 வயதுப் பெண் வேரா பிராண்டஸ் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். பழுது பார்ப்பவர்கள் முடிந்தவரை சரிசெய்தார்கள். இரவு 11.30 மணி. சுமார் 1,400 பேர் காத்திருந்தார்கள். ஜாரெட் பெரும்பாலும் நடுச் சுரங்களிலேயே நின்றார். கீழே வலு குறைந்ததால் இடக்கையால் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். நல்ல பியானோ கிடைத்திருந்தால் இந்த இசை இப்படி அமைந்திருக்காது.

அந்த ஒலிப்பதிவு 30 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. அதன் முதல் சில சுரங்கள், மக்களை உள்ளே அழைக்க அந்த அரங்கில் ஒலிக்கும் மணியோசையை ஒத்தவை. அதைக் கண்டுகொண்ட சிலர் மெல்லச் சிரிப்பது இன்றும் அதில் கேட்கிறது.